மாப்பிள்ளைக்குக் கொடுத்த கார்

என் அக்காவின் கல்யாணம் ஏன் முறிந்தது என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தோம். அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த காரின் எஞ்சினை மாப்பிள்ளை வீட்டார் கழற்றி விற்றுவிட்டார்கள், பழியை அப்பா மேல் போட்டு அக்காவை அடித்துத் துரத்திவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக இதைச் சொன்னோம். என் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லி வளர்த்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், எஞ்சினைத் திருடிய குடும்பம் அதோ அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

அந்தக் கார் எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லாத வண்டி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குக் கிளம்பியபோது அப்பா அதை வாங்கிவந்தார். இரண்டே இருக்கை. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு கித்தான் மட்டும் உண்டு. தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அப்போது அது பால் வெள்ளை நிறத்தில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த மாடல் வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண எஞ்சின். பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சின் வைத்து வந்தவை கொஞ்சம்தான். தன்னுடையது அந்தக் கொஞ்சத்தில் ஒன்று என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களுக்குப் புரிகிறதா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

வடக்கனந்தலைத் தாண்டி, மலையடிவாரத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. நெல்லும் கரும்பும் போட்டிருந்தோம். கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து அப்பா காலையில் அந்தக் காரில்தான் கிளம்புவார். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற வண்டிக்காரர்கள் தூரத்தில் சத்தம் கேட்டதுமே மாட்டை ஓரம் கட்டுவார்கள். கல்வராயன் மலைக்கு ரோடு போட்ட புதிதில், வேலை எதுவும் இல்லாவிட்டாலும் மேலே போய்விட்டு வருவார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடித்தொண்டை உறுமலாகத் தொடங்கும். மேடு ஏற ஏற மெலிந்து கூராகி, கடைசியில் புதுத் துணியைக் கிழிப்பதுபோல ஆகிவிடும். அடிவாரத்தில் நின்றால் வண்டி எந்த வளைவில் போகிறது என்று சொல்லிவிடலாம். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி அறியாத மனிதர், அந்தக் காரை மட்டும் யாரையும் துடைக்க விடமாட்டார்.

அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை எலவனாசூர்கோட்டையில் பெரிய நிலக்காரரின் ஒரே மகன். கார், ஜீப் என்றால் பைத்தியம். எங்களைவிட வசதியான இடம். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது அவருடைய அப்பா சொன்னார், “நகையெல்லாம் உங்க இஷ்டம்ங்க. நாங்க ஒண்ணும் கேக்கல. பையன் அந்த வண்டிக்கு மட்டும் ஆசைப்படறான்.”

எங்கள் அப்பாவின் முகம் அப்போது எப்படி மாறியது என்பது எனக்கு நினைவிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு காருக்காக இப்படியொரு இடத்தை விடுவதா என்று கேட்டார்கள். சில நாள் கழித்து ஒரு காலையில், சரி என்று சொல்லி அனுப்பச் சொன்னார். கல்யாணத்துக்குக் கொடுக்கிற வண்டி புதிதுபோல இருக்க வேண்டும் என்று அதைச் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். முகூர்த்தம் நெருங்கும்போதுதான் வண்டி திரும்பி வந்தது. பளபளவென்று சிவப்பு. தெருவே கூடி நின்று பார்த்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், அன்று காலை வீட்டில்தான் இருந்தேன். வண்டி தெருவில் நுழைந்தது எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் அவ்வளவு சாதுவாக இருந்தது.

“இன்னாப்பா, சத்தமே வரல?” என்று கேட்டேன்.

“சைலன்சர் புதுசு. மாப்பிள்ளைக்குக் குடுக்கற வண்டி, ஊரக் கூட்டிக்கினா போவணும்?” என்றார்.

கல்யாணம் முடிந்து அக்கா அந்தக் காரில் உட்கார்ந்து போனாள். முன்னால் மாலை கட்டியிருந்தது. போட்டோவில் கார்தான் பெரிதாகத் தெரியும். அக்காவின் முகம் பாதிதான் விழுந்திருக்கும்.

ஒரு மாதத்துக்குள் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. மேட்டில் லாரிகூடத் தன்னைத் தாண்டிக்கொண்டு போகிறது என்றார். பாண்டிச்சேரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினாராம். பானெட்டைத் தூக்கியதும் அந்த ஆள் சிரித்துவிட்டானாம். உள்ளே இருப்பது நம் ஊர் வாடகை டாக்சியில் ஓடுகிற எஞ்சின்.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. “நான் ஓட்டிக்கினு இருந்த வண்டிய அப்படியே குடுத்தேன். நீங்க எவன்கிட்ட குடுத்து எங்க வுட்டீங்களோ, அவனப் போய்க் கேளுங்க” என்றார்.

அவ்வளவு நிதானமாகச் சொன்னவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? நாங்கள் படவில்லை. மாப்பிள்ளைதான் எஞ்சினை எவனுக்கோ விற்றுவிட்டு, இன்னொரு வண்டிக்கு அடி போடுகிறார் என்று அம்மா சொன்னாள். அக்காவும் அதையே நம்பினாள்.

அந்த வருஷத் தீபாவளி முடிந்த வாரம் அக்கா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். முந்தானையைச் சுருட்டி இடது காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அம்மா அழுதுகொண்டே என்ன நடந்தது என்று கேட்டாள். அப்பா வெளியே போவதற்காக வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பன் ஏமாத்துக்காரன்னு சொன்னாரும்மா. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன். அதுக்குத்தான்.”

அப்பா ஒரு செருப்பைப் போட்டிருந்தார், ஒன்றைப் போடவில்லை. பிறகு மற்றதையும் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்து, “நாளைக்கு நானே கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்” என்றார்.

“இந்தக் காதோடயா?” என்று அம்மா கேட்டாள்.

“வாழாவெட்டியா வந்து வூட்ல உக்காந்தா ஊரு இன்னா சொல்லும்? போவப் போவ சரியாயிடும்.”

வாடகைக் கார் வைத்துக் கொண்டுபோய் விட்டார். அக்கா மறுபடியும் வந்தாள். மறுபடியும் கொண்டுபோய் விட்டார். கையில் சூட்டுக் காயத்தோடு வந்தபோதும் விட்டார். ஒவ்வொரு முறையும் அக்கா காரணம் சொல்லத் தவறவில்லை: எஞ்சின், எஞ்சின் என்றுதான் அடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பினார்.

கடைசித் தடவை அக்கா ஒரு பையைக்கூடக் கொண்டுவரவில்லை. “இன்னொரு தடவ அனுப்பினா என்னை அவங்க வூட்டுக் கெணத்துலருந்துதான் எடுப்பீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா வழக்கம்போலக் கிளம்பச் சொன்னார். அதுவரை ஒருநாளும் அவரை எதிர்த்துப் பேசியிராத அம்மா அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து நகரவில்லை. அதோடு அது முடிந்தது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பாத்திரங்கள், கட்டில், நகைகளில் பாதி. காரை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது. டயர்களில் காற்று இல்லை. இருக்கையில் எலி கூடு கட்டியிருந்தது. அப்பா வெளியே வந்து பார்க்கவே இல்லை. மாட்டுக் கொட்டகையில் தள்ளிவிடச் சொன்னார். தன் வண்டியை அந்தக் கோலத்தில் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எனக்கு அழுகைகூட வந்தது, அவருக்காக.

அதற்குப் பிறகு அக்கா அப்பா வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. நான் படித்து, தாலுக்கா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, கள்ளக்குறிச்சியிலேயே இன்னொரு தெருவில் குடித்தனம் வைத்தேன். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டான். அம்மா போன பிறகு அப்பாவுக்கு எல்லாமே அக்காதான். கடைசிச் சில வருஷங்களில் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. குளிப்பாட்டியது, துணி மாற்றியது, சோற்றைக் குழைத்து ஊட்டியது எல்லாம் அவள்தான். அவருக்கு வாய் மட்டும் கடைசிவரை நன்றாக இருந்தது. காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி என்பார், ரசத்தில் உப்பு கம்மி என்பார். பேச முடியாமல் போனவர் என்று அவருக்காக யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

அப்பா போய்ச் சில வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிப் பழைய வீட்டு மனைகளுக்கெல்லாம் கிராக்கி வந்த சமயம், தம்பி வீட்டை இடித்துக் கட்டத் தீர்மானித்தான். கொட்டகையைக் காலி செய்யும்போது காரின் மேல் கிடந்த வைக்கோலையும் சாக்கையும் எடுத்தார்கள். தம்பியின் மகன் போனில் படம் எடுத்து எங்கோ போட்டான். அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஒருவர் பேசினார். பழைய கார்களைச் சோதித்து, எது அசல், எது மாற்றியது என்று சொல்வதுதான் அவருடைய தொழில். வாங்குகிறவர்கள் அவர் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் வாங்குவார்களாம்.

அவர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கையுறையும் சின்ன டார்ச்சும் வைத்திருந்தார். முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். நடுவில் ஒரே மரையில் பூட்டுகிற அந்த இரும்புச் சக்கரமும், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும், பந்தய எஞ்சின் வைத்து வந்த வண்டிகளுக்குத்தான் உண்டு என்றார். கம்பெனி பதித்த தகட்டில் அடித்திருந்த எண்ணும் அதையே சொல்கிறதாம். பிறகு பானெட்டைத் தூக்கினார்.

“இது டாக்சி எஞ்சின்” என்றார்.

“தெரியும் சார். அசல அவங்க மாத்திட்டாங்க” என்று தம்பி ஆரம்பித்தான். அக்காவின் மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னான். அந்த எஞ்சின் இன்னும் அவர்கள் வீட்டிலேயே எங்காவது கிடக்கலாம், கேஸ் போட்டாவது வாங்கிவிடலாமா என்று கேட்டான். அக்கா கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர் எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். உட்பக்கத் தகட்டில் ஓரிடத்தில் லேசாகச் சுரண்டினார். பிறகு எஞ்சினைத் தாங்கும் இரும்புத் துண்டில் சுரண்டினார். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன்.

“இங்க பாருங்க. எல்லா இடத்துலயும் செவப்புக்குக் கீழ வெள்ளை இருக்கு. கம்பெனி அடிச்ச பழைய பெயிண்ட் அது. இந்தத் தாங்கிய மட்டும் யாரோ பின்னாடி வெல்டிங் வெச்சிருக்காங்க. இந்த எஞ்சின் உட்காரணும்னே செஞ்சது. இதுல வெள்ளை இல்ல. வெறும் இரும்பு மேலயே செவப்பு. வெல்டிங் வெச்சதுக்கப்புறம்தான் செவப்பு அடிச்சிருக்காங்க. செவப்பு ஒரு தடவதான் அடிச்சிருக்கு. எப்ப அடிச்சது?”

தம்பி யோசித்தான். அவன் அப்போது கைக்குழந்தை. பதில் சொன்னது அக்கா.

“என் கல்யாணத்துக்கு அடிச்சது.”

“அதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரங்க அடிக்கலையாம்மா?”

“அவங்க அதத் தொடைக்கக்கூட இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, அவளே கேட்டாள். “அப்போ, எஞ்சின மாத்திட்டுத்தான் செவப்பு அடிச்சாங்களா?”

“ஆமாம்மா. வேற மாதிரி நடந்திருக்க முடியாது.”

சேலத்திலிருந்து வந்த கார் தெருவில் நுழைந்தது தெரியாமல் போன அந்தக் காலை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தம்பி மட்டும், பெயிண்டர் ஏமாற்றியிருப்பான், சேலத்துப் பட்டறைக்காரன் திருடியிருப்பான் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா அந்த எஞ்சின் சத்தத்தைத் தூக்கத்தில்கூடத் தெரிந்துகொள்வார் என்பதைக் கேட்டுத்தான் அவனும் வளர்ந்தான். சேலத்திலிருந்து வீடுவரை அதை ஓட்டி வந்தவரே அவர்தான்.

அக்கா தம்பியைப் பார்த்துக் கேட்டாள், “மலையடிவாரத்துப் பம்ப்செட் ரூம் சாவி எங்க இருக்குது?”

“அது எதுக்கு? அங்க பழைய மோட்டார் சாமான்தான் கெடக்குது.”

“சரசுவதி பூசையன்னிக்கு அவரு தனியாத்தான் அங்க போவாரு. மோட்டாருக்குப் பூசை போட்டுட்டு வரேம்பாரு. நடக்க முடியாத வருசம்கூட ஆள் வெச்சித் தூக்கிக்கினு போய், உள்ள தனியா வுட்டுட்டு வரச் சொன்னாரு. சாவிய எட்றா.”

வடக்கனந்தல் வழியாக எல்லோரும் போனோம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. பம்ப்செட் அறைக்குள் இன்னொரு சின்ன அறை. தகரக் கதவு, துருப்பிடித்த பூட்டு. அதற்கு யாரிடமும் சாவி இல்லை, தம்பி கல்லால் அடித்து உடைத்தான். உள்ளே மோட்டார் சாமான்களுக்குப் பின்னால், தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வைத்த ஒரு பெரிய மரப்பெட்டி. மேலே தார்ப்பாய், அதற்கு மேல் இன்னொரு தார்ப்பாய்.

பெட்டியைத் திறந்ததும் கிரீஸ் வாசனை வந்தது. எஞ்சின் உட்கார்ந்திருந்தது. மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள அலுமினிய மூடிகள். மூடிகளின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் திட்டாகப் படிந்திருந்தன. திறந்த வாய்களையெல்லாம் எண்ணெயில் நனைத்த துணி வைத்து அடைத்திருந்தது.

சென்னைக்காரர் பக்கவாட்டில் கிரீஸைத் துடைத்து எண்ணைப் படித்தார். கார்த் தகட்டில் பார்த்ததோடும் தன் போனில் இருந்ததோடும் ஒப்பிட்டார். முன்பக்கம் ஒரு ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருகினார். கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டுச் சுற்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான் அசல். வருஷா வருஷம் எண்ணெய் விட்டு, கையால சுத்தி வெச்சிருக்காரு. இல்லன்னா எப்பவோ இறுகிப் பிடிச்சிருக்கும். இந்த மாதிரி யாரும் பார்த்துக்க மாட்டாங்க சார்.”

தம்பி அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா வெளியே போய் வரப்பில் உட்கார்ந்தாள். நான் அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“திரும்பி வந்தப்பறமாவது எடுத்து மாட்டியிருக்கலாமில்ல?” என்றாள். “நான் இருந்தேனே வூட்ல. எப்படி மாட்டுவாரு.”

ஒரு வாரம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். “எலவனாசூர் போயிட்டு வரலாம் வா” என்றாள். பிரிந்து வந்த நாளிலிருந்து அவள் அந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை.

“அங்க இன்னாக்கா வேல?”

“ஒரு விசயம் சொல்லணும். அவ்ளோதான்.”

பஸ்ஸில் தியாகதுருகம் தாண்டும்வரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காத காதை என் பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மனிதர் வீட்டில்தான் இருந்தார். எழுபது தாண்டிவிட்டது. கைத்தடி, கண்ணாடி, தொளதொளத்த கதர்ச் சட்டை. அக்காவுக்குப் பிறகு கட்டிக்கொண்ட மனைவியும் மகனும் இருந்தார்கள். எங்களை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சநேரம் பிடித்தது. தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

அக்கா தண்ணீரைத் தொடவில்லை. “அந்த வண்டி எஞ்சின் பத்தி நீங்க சொன்னது நெசந்தான். எங்கப்பாதான் மாத்திட்டுக் குடுத்தாரு. இப்பத்தான் தெரிஞ்சிது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். “டேய், இங்க வா. கேளு. நான் சொல்லிக்கினே இருந்தேனா இல்லயா? ஊரே என்னைத் திருடன்னு சொல்லிச்சி.” மகன் வந்து நின்றான். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கே இருந்தது, எப்படி வைத்திருந்தார், மேலே இரண்டு மூடி இருந்ததா, துரு ஏறியிருந்ததா, சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தனக்கு ஒரு தடவை அதைக் காட்ட முடியுமா என்றார்.

அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, “நீங்க சொன்னது நெசம். நான் இன்னா பண்ணேன்?” என்றாள்.

அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “அதுக்கு இன்னா பண்றது? உங்கப்பன் மேல கை வெக்க முடியுமா? வூட்ல இருந்தது நீதானே.”

வெட்கமோ கோபமோ எதுவும் அந்தக் குரலில் இல்லை. பஸ் ஏன் லேட் என்று கேட்டவருக்குச் சொல்கிற பதில்போல இருந்தது. அக்கா எழுந்தாள்.

தெருமுனைவரை அந்த அம்மாள் எங்களோடு வந்தாள். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“அந்த எஞ்சினால ஒண்ணும் இல்லக்கா. எங்கப்பன் இந்த ஆள எதுலயும் ஏமாத்தல. கேட்டதுக்கு மேலயே குடுத்தாரு. எனக்கும் அதேதான் நடந்திச்சி. இப்பத்தான் கையில பலம் இல்ல.”

அவள் முழங்கை லேசாகக் கோணியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் எனக்கு ஏதோ ஒரு ஆறுதல் வந்தது. அதை அக்காவுக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். “பாத்தியாக்கா, எஞ்சின் சரியா இருந்திருந்தாலும் அந்த ஆள் அடிச்சிருப்பான். அப்பாவால வந்தது இல்ல” என்றேன்.

இந்த முறை அவள் நல்ல காதோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

“அது நமக்கு இன்னிக்குத் தெரியுது. அப்பாவுக்குத் தெரியாதில்ல. தான் மாத்தின எஞ்சினுக்குத்தான் அடி வுழுவுதுன்னு நெனச்சிக்கினேதான அவரு என்னைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோயி வுட்டாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொட்டிய எட்த்துக் குடுத்துட்டு என்னைக் கூட்டியாந்திருக்கலாம். அவரு கணக்குக்கு அது போதும்னுதான இருந்திச்சி?”



தம்பி எஞ்சினையும் காரையும் சென்னைக்கு அனுப்பினான். மாதக்கணக்கில் வேலை நடந்தது. பழையபடி வெள்ளை அடித்தார்கள். அசல் எஞ்சினோடு கிடைத்த அபூர்வமான வண்டி என்று பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். விற்றதில் அக்காவுக்கும் பங்கு உண்டு என்று தம்பி வந்து சொன்னான். தனக்கு வேண்டாம் என்றாள். அவன் வற்புறுத்தியதும், எழுந்து போய்த் துணி உலர்த்த ஆரம்பித்துவிட்டாள். முதன்முதலாக எஞ்சினை ஓடவிட்டபோது எடுத்த வீடியோவை அவன் என் போனுக்கு அனுப்பியிருந்தான். அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைப் போட்டேன். அடித்தொண்டையில் தொடங்கி மேலே மேலே போய், துணி கிழிகிற அதே சத்தம். என் உடம்பு சிலிர்த்தது. அப்படிச் சிலிர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“இன்னாடி அது?” என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல எல்லோரும் தம்பி வீட்டில் கூடினோம். சமையல் முழுவதும் அக்காதான். வடை, பாயசம், நாலு காய். அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். பக்கத்தில் அப்பா படம் இருந்தது. மாலை போட்டிருந்தது, பொட்டும் வைத்திருந்தது. அதெல்லாம் தம்பி மனைவி செய்தது. அதற்கு முன்னால் இலை இல்லை.

“அப்பாவுக்கு?” என்றான் தம்பி.

“சோறு உள்ள இருக்குது. நீ போட்டுக்கோ. என் கையால வேணாம்.”

“செத்துப்போனவங்ககிட்ட இன்னாக்கா கோவம்?”

அக்கா திரும்பி அம்மா படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். தம்பி முகம் சிவந்துபோய் உள்ளே போனான். இலை எங்கே, கரண்டி எங்கே என்று தேடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினான். வடையை மறந்துவிட்டான். யாரும் நினைவுபடுத்தவில்லை. பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.